கப்பல் வராத காலம்: உலகப் பேரழிவு பற்றி எங்களுக்கு என்ன கவலை?

19 பெப்ரவரி 2025. கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டது:

அக்கா, இரண்டு நாளாக எல்லாரும் 2032இல் விழப்போகிற விண்கல்லைப் பற்றியே பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயம் வரவில்லை. யாழ்ப்பாணத்தார் பார்க்காத அழிவா? கரன்ட் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், சவர்க்காரம் இல்லாமல் ஐந்து வருடம் இருந்தவர்கள் நாங்கள். உலகமே அழிந்தாலும் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக் குடித்துக்கொண்டு கடைசியாக நிற்கப்போவது நாங்கள்தான். உலகப் பேரழிவு பணக்கார நாட்டுக்காரரின் கவலை. நான் சொல்வது பிழையா?

19 பெப்ரவரி, இரவு

பாதி சரி தம்பி. அந்தப் பாதியை நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் அந்தப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வடமராட்சியில் ஒரு சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) கணக்கு எழுதியவள் நான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்து, அந்த வெளிச்சத்தில் நிவாரண அட்டைகளைச் சரிபார்த்திருக்கிறேன். பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்கும். பிபிசி தமிழோசை நேரத்துக்கு ஒழுங்கையே கூடிவிடும்.

பிழையான பாதி எங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தின் வரவுப் பக்கத்தில் இருந்தது. அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு எல்லாம் பருத்தித்துறைக்குக் கப்பலில் வந்தவை. கப்பல் பிந்துகிற கிழமைகளில் திகதியை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். அந்தக் கோட்டை எழுதும்போது வெளியே நிற்கிற வரிசையைப் பார்க்க மனம் வராது. வன்னி நெல் கிளாலிக் கடலால் வந்தது. காசு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாறி, வந்தது. நாங்கள் கெட்டிக்காரராக இருந்தது உண்மைதான். ஆனாலும் எங்களுடைய பஞ்சத்துக்கு வெளியே பஞ்சமில்லாத ஓர் உலகம் இருந்ததால்தான் தப்பினோம்.

சுனாமியும் அப்படித்தான். 2004இல் எவரிடமும் எச்சரிக்கை இருக்கவில்லை, ஆனால் அடுத்த நாளே வெளியுலகத்தின் உதவி வந்து சேர்ந்தது.

உலகப் பேரழிவு என்றால் அந்த வெளியுலகம் இல்லாமல் போவது. கோதுமை விற்கிற நாட்டுக்கும் பஞ்சம், அரிசி விற்கிற நாட்டுக்கும் பஞ்சம், காசு அனுப்புகிற பிள்ளையும் பாணுக்கு வரிசையில் நிற்கிறது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, பருப்பும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. அந்த நாளில் பருத்தித்துறையில் நின்று எந்தக் கப்பலைப் பார்ப்பது? எனக்கு இந்தப் பயம் புத்தகத்தில் இருந்து வரவில்லை, அந்தக் கோட்டில் இருந்து வந்தது.

20 பெப்ரவரி

கல்லைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2024 வைஆர்4 என்று பெயர். 2032 டிசம்பர் 22இல் பூமியில் விழும் வாய்ப்பு 3.1 வீதம் என்று செவ்வாய்க்கிழமை சொன்னார்கள். நேற்றே அது இறங்கத் தொடங்கிவிட்டது. விழக்கூடிய பாதை பசிபிக்கில் இருந்து ஆபிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரைக்கும் நீண்டதால்தான் எங்கள் பக்கத்தில் இவ்வளவு பகிர்வு.

அது விழுந்தாலும் உலகப் பேரழிவு இல்லை. நாற்பது முதல் தொண்ணூறு மீற்றர் வரை என்று மதிக்கப்பட்ட கல், ஒரு நகரத்தை அழிக்கும். உலகத்தையே பஞ்சத்தில் தள்ளக்கூடியவை ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்டவை. அவற்றில் 90 வீதத்துக்கு மேல் ஏற்கெனவே கண்டுபிடித்துக் கணக்கெடுத்துவிட்டார்கள், கிட்டிய எதிர்காலத்தில் விழக்கூடியது ஒன்றும் இல்லை. நான் சொல்லப்போகிற ஆபத்துகளில் மனிதர் ஒழுங்காக வேலை செய்து குறைத்த ஒன்று இது.

25 பெப்ரவரி

கல் விழும் வாய்ப்புக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. "முதலில் ஏற்றி, பிறகு இறக்கி, எங்களை ஏமாற்றுகிறார்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏமாற்று இல்லை. கடலில் வளைத்த வலையை இழுக்க இழுக்க அது சுருங்கும். சுருங்குகிற வலைக்குள் ஒரு குறிப்பிட்ட மீன் இன்னும் நிற்குமட்டும், அது பிடிபடும் வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். அடுத்த இழுவையில் மீன் வலைக்கு வெளியே நிற்பது தெரிந்தால் வாய்ப்பு ஒரேயடியாக விழுந்துவிடும். மீன் பூமி. வலை, கல் கடக்கக்கூடிய இடங்களின் பரப்பு. ஒவ்வொரு இரவும் தொலைநோக்கியில் பார்க்கப் பார்க்க அந்தப் பரப்புச் சுருங்கியது. பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் பயம் தீர்ந்தது.

இன்னொன்று: 2022 செப்டெம்பர் 26இல் நாசாவின் டார்ட் விண்கலம் டிமோர்பஸ் என்ற சிறிய கல்லில் வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்க்கல்லைச் சுற்றும் நேரத்தை அரை மணித்தியாலத்துக்கு மேல் குறைத்தது. போதிய காலத்துக்கு முன்னே தெரிந்தால் தள்ளிவிடலாம் என்பதற்கு அது சாட்சி.

3 மார்ச்

ஒடியல் கூழுக்கு வருகிறேன். இதை எழுத ஒரு கிழமை யோசித்தேன், ஏனென்றால் எனக்கும் அந்தப் பெருமை இருந்தது.

நிவாரணக் கணக்கில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2100 கலோரி என்று எடுப்பார்கள். மாவாகப் பார்த்தால் அரைக் கிலோ. யாழ் மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர். ஒரு நாளைக்கு 300 தொன் மா வேண்டும், ஒரு நாளைக்கு! எங்கள் வளவில் பாத்தி போட்டுக் கிழங்கு கிண்டி, கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கினால், நல்ல வருடத்தில் இரண்டு கடகம் வரும். ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்கும் காணாது. பனை வைத்து அது காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பார்த்திருக்க வேண்டும். போரில் தறிபட்ட பனைகளின் இடமே இன்னும் நிரம்பவில்லை.

ஒடியல் எங்களைக் காப்பாற்றியது என்கிறோம். மீன் இருந்தது, கப்பல் அரிசி இருந்தது, அதோடு ஒடியலும் இருந்தது. அவ்வளவுதான்.

4 மார்ச்

கணக்கில் பிழை. கணக்கு எழுதியவள் விடக்கூடாத பிழை, மன்னிக்கவும். அரைக் கிலோ மாவில் 1750 கலோரி அளவுதான் வரும். 2100க்கு 600 கிராம் வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு 360 தொன்.

9 மே

மூன்று நாளாக நித்திரை இல்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மேல் ஒன்று ஏவுகணை ஏவுகின்றன. இரண்டிடமும் ஆளுக்கு 170 அளவில் அணுகுண்டு இருக்கிறது. "எங்களுக்குத் தூரம், காற்றும் இந்தப் பக்கம் அடிக்காது" என்று வல்வெட்டித்துறையில் இருந்து ஒருவர் ஆறுதல் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் கடலோடி, காற்றை என்னைவிட நன்றாக அறிந்தவர். ஆனால் இது வாடைக்கும் சோளகத்துக்கும் மேலே நடக்கிற காரியம். குண்டு கிளப்பும் தூசி மழை மேகத்துக்கும் மேலே போய்விடும், அங்கே மழை இல்லாததால் கழுவுப்படாது, சில கிழமைகளில் உலகம் முழுக்கப் பரவி வருடக்கணக்கில் வெயிலை மறைக்கும். வெயில் குறைந்தால் குளிர், மழை குறையும், விளைச்சல் விழும். 2022இல் லிலி சியா, அலன் றொபொக், பிறையன் ரூன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இந்த இரு நாடுகளுக்கிடையில் பெரிய அணுப்போர் வந்தால் 200 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் சாகலாம் என்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் என்றால் 500 கோடிக்கு மேல். குண்டு விழாத நாடுகளில்தான் பெரும்பாலான சாவு. கப்பல் வராத காலம் என்று நான் சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் என்னிடம் இல்லை.

இந்த ஆபத்து மனிதர் கையில் இருக்கிறது என்பதால்தான் பயமும் நம்பிக்கையும் சேர்ந்து வருகின்றன. 1962 ஒக்ரோபர் 27இல் கியூபாவுக்கு அருகே ஒரு சோவியத் நீர்மூழ்கியில் அணு டோர்பிடோவை ஏவ வேண்டும் என்று கப்டன் நினைத்தார், வசிலி ஆர்க்கிப்போவ் சம்மதிக்கவில்லை. 1983 செப்டெம்பர் 26இல் செய்மதி எச்சரிக்கை ஐந்து ஏவுகணைகள் வருவதாகச் சொன்னது, ஸ்ரனிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பாமல் பிழையான எச்சரிக்கை என்று அறிவித்தார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் செய்மதி பிழையாகப் பார்த்திருந்தது. இரண்டு முறையும் ஒரு தனி மனிதரின் பொறுமை. பொறுமையில்லாத ஒருவர் அன்று கடமையில் இருந்திருந்தால்?

11 மே

நேற்று மாலை சண்டையை நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் இருந்தேன்.

முன்னைய குறிப்பில் ஒரு பிழையை ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள் காட்டினாள். "பெரியம்மா, தூசி இல்லை, புகைக்கரி. நகரம் எரிவதால் வருவது." அவள் சொல்வது சரி. குண்டைவிடத் தீதான் வெயிலை மறைக்கிறது. கரி வெயிலை உறிஞ்சிச் சூடாகி, இன்னும் மேலே ஏறும். இன்னொன்றையும் அவள் சேர்க்கச் சொன்னாள்: 2018இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வகத்தார் அந்தக் கரி அவ்வளவு மேலே போகாது, விளைவும் சிறியது என்று கணித்திருக்கிறார்கள். தர்க்கம் முடியவில்லை. ஆனால் அந்தத் தர்க்கத்தை முடித்து வைக்கிற பரிசோதனையை எவரும் செய்துவிடக்கூடாது.

1986இல் உலகத்தில் 70,000 அளவில் அணுகுண்டு இருந்தது. இன்று 12,000 அளவு. பேசிப் பேசி, கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் குறைத்தார்கள். "பேச்சால் என்ன கிடைக்கும்" என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

21 மே

உலக சுகாதார மாநாட்டில் நேற்றுப் பெருந்தொற்று உடன்படிக்கை நிறைவேறியது. எங்கள் பத்திரிகைகளில் ஒரு மூலையில்தான் வந்தது.

நோயில்தான் என் கவலை அதிகம், அணுவை விடவும். குண்டு செய்ய ஒரு நாடு வேண்டும். கிருமிக்கு ஓர் ஆய்வகம் போதும், சில வேளை ஒரு கவனக்குறைவு போதும். என் தோளில் அம்மைப்பால் குத்திய தழும்பு இருக்கிறது, என் பிள்ளைகளுக்கு இல்லை. பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் 1977இல் சோமாலியாவில். உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். ஊரில் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டி, கண்ணகை அம்மனுக்கு நேர்ந்து, ஆயிரம் ஆயிரம் வருடமாகப் பயந்த ஒன்று. மனிதர் சேர்ந்து செய்த காரியங்களில் இதற்குமேல் ஒன்று எனக்குத் தெரியாது. ஆனால் இடையில், 1978இல், இங்கிலாந்தின் பேர்மிங்காமில் ஓர் ஆய்வகத்தில் இருந்து அது தப்பி ஒரு பெண்ணைக் கொன்றது. கடைசிச் சாவு அதுதான்.

கடந்த டிசம்பரில் இங்கே வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து சிலர் செத்தது நினைவிருக்கும். முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியவில்லை, ஊரெல்லாம் வதந்தி. இரத்த மாதிரி சோதித்த பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அதற்குப் பிறகு வயலில் இறங்குபவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க முடிந்தது. எலிக்காய்ச்சல் ஆளில் இருந்து ஆளுக்கு இலகுவில் தொற்றாது. தொற்றுகிற ஒன்று எங்காவது ஒரு கிராமத்தில் தொடங்கினால், முதல் பத்து நாளில் அந்த ஊர் வைத்தியர் "இது வேறு மாதிரி இருக்கிறதே" என்று மாதிரியை அனுப்புகிறாரா என்பதில்தான் உலகத்தின் தலைவிதி இருக்கும்.

1 யூன்

இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. 1981இல் இதே நாட்களில் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும். அடுத்தடுத்த நாள் எரிந்த தாள் காற்றில் பறந்து வந்ததாக என் அண்ணை சொல்லுவார்.

ஏன் இங்கே சொல்கிறேன்? கட்டடத்தைத் திரும்பக் கட்டினோம், வெள்ளையாக அழகாகவும் இருக்கிறது. அச்சிட்ட புத்தகங்களின் வேறு பிரதிகள் சென்னையிலும் லண்டனிலும் இருந்தன, திரும்பி வந்தன. ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் வரவே இல்லை. பேரழிவுகளை ஆராய்பவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள். எவ்வளவு பெரிதானாலும் மீளக்கூடியது ஒரு வகை. மீளவே முடியாதது இன்னொரு வகை. பத்தில் ஒன்பது பேர் செத்தாலும் மிச்சம் ஒருவரால் பள்ளிக்கூடம் தொடங்கலாம். எல்லாரும் செத்தால் இனிப் பிறக்க இருந்தவர்களும் சேர்ந்து போகிறார்கள். கேட்க வெறும் கணக்கு மாதிரி இருக்கும். நூலகத்து வாசலில் நின்று யோசித்தால் அப்படி இருக்காது.

2005இல் நூலகம் திட்டத்தை எண்ணிம வடிவில் தொடங்கியவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஒரே பிரதி என்ற நிலைமையே இருக்கக்கூடாது என்று அவர்கள் வேலை செய்கிறார்கள்.

12 யூன்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். அந்தத் துறையின் முன்னோடிகளான ஜெவ்றி ஹின்டனும் யோசுவா பெஞ்சியோவும் 2023இல் பெருந்தொற்று, அணுப்போர் வரிசையில் அதன் அழிவு ஆபத்தையும் வைக்க வேண்டும் என்று கையெழுத்திட்டார்கள். மெய்யியலாளர் ரோபி ஓர்ட், மனித குலம் இந்த நூற்றாண்டில் மீளாத அழிவைச் சந்திக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று மதிப்பிட்டு, அதில் பெரும் பங்கை இதற்கே கொடுக்கிறார். அது அவருடைய மதிப்பீடு, அளந்த அளவு இல்லை. செய்தவர்களே பயப்படும்போது நான் அலட்சியமாக இருக்க மாட்டேன். ஆனால் சொந்த அனுபவத்தில் இருந்து சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

31 யூலை

நேற்று ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 அளவு நிலநடுக்கம். பசிபிக் கரை முழுக்க எச்சரிக்கை போனது. யப்பானில் மட்டும் ஏறக்குறைய 20 இலட்சம் பேரைக் கரையை விட்டு விலகச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டில் குடையோடு நின்ற மனிதர்கள். அலை வந்தது, திரும்பிப் போனது, மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பெப்ரவரியில் "2004இல் எவரிடமும் எச்சரிக்கை இருக்கவில்லை" என்று எழுதினேன். அது பிழை, திருத்த வேண்டும். சுமாத்ராவில் நிலம் நடுங்கிய கால் மணித்தியாலத்தில் ஹவாயில் இருக்கும் பசிபிக் எச்சரிக்கை நிலையம் அறிவித்தல் எழுதிவிட்டது. அளவைக் குறைத்துத்தான் கணித்திருந்தார்கள், ஆனாலும் ஒன்று நடந்தது என்று தெரிந்திருந்தது. அதை எங்களிடம் கொண்டுவர வழி இருக்கவில்லை. இந்து சமுத்திரத்தில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்ற பட்டியலே இருக்கவில்லை. நிலம் நடுங்கியது எங்கள் நேரம் காலை ஏழு மணிக்கு. அலை வர இரண்டு மணித்தியாலம் அளவு எடுத்தது. பௌர்ணமிப் போயா நாள், ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள். வடமராட்சி கிழக்கில் என் சிநேகிதி அந்த இரண்டு மணித்தியாலத்தில் பிட்டு அவித்து, பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, கடற்கரைக்கு விளையாட விட்டாள். இலங்கையில் 30,000 பேருக்கு மேல். அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இல்லை.

2011இல் இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை முறை முழுமையாக இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரலில் சுமாத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது, எங்கள் கரையில் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய அலை வரவில்லை. "வீணாக ஓடினோம்" என்று அன்று நிறையப் பேர் புறுபுறுத்தார்கள். என் சிநேகிதி மட்டும் புறுபுறுக்கவில்லை.

17 ஓகஸ்ட்

கோண்டாவில் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். தன் கருத்தை மாற்றிவிட்டாராம். ஆனால் "அப்படியானால் எங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, குண்டும் கிருமியும் பெரிய நாடுகளின் கையில்" என்கிறார். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹவாயில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும் எங்கள் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால்தான் அத்தனை பேர் போனார்கள். மாதிரியை அனுப்புகிற வைத்தியர், எச்சரிக்கையைக் கேட்டு மணி அடிக்கிற கோயில் ஐயர், ஊரில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்று தெரிந்த சங்கக்கடை, இவை எங்கள் கையில் உள்ளவை. கடற்பாசி வளர்க்கிறவர்களையும் சேர்ப்பேன். வெயில் குறைந்த உலகத்தில் விரைவாக வளர்க்கக்கூடிய உணவுகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டவற்றில் அதுவும் ஒன்று. எங்கள் பரவைக் கடலில் அது ஏற்கெனவே கயிற்றில் கட்டி வளர்க்கப்படுகிறது.

நான் என் பங்குக்கு ஒரு கொப்பி எடுத்து அந்தக் காலத்து முறைகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். விளக்கு, பங்கீடு, வரிசையில் சண்டை வராமல் பார்த்தது, பால்மா குறைந்தபோது யாருக்கு முதலில் கொடுத்தோம், அதில் எங்கே அநியாயம் செய்தோம் என்பதும். பெறாமகள் படம் எடுத்து மூன்று இடத்தில் வைப்பாள்.

தம்பி கடைசியாகக் கேட்டதற்கு: ஒடியல் மாவை அப்படியே பானைக்குள் போடக்கூடாது. நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்த பிறகு மேல் தண்ணீரை வார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீர் விடுங்கள். கசப்புப் போகும்வரை இரண்டு மூன்று தரம். மீன், நண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் வெந்த பிறகு, புளியும் செத்தல் மிளகாயும் அரைத்துச் சேர்த்து, கடைசியில் மாவைக் கரைத்து விட்டுத் துழாவ வேண்டும். கிழங்குக்குப் பாத்தி போடுவதென்றால் இப்போதே பனம்பழம் பொறுக்குங்கள், மாரி தொடங்க முன்னே விதை மண்ணுக்குள் போக வேண்டும்.